‘இன்னுமா சரி பண்ணலை?’: கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருளாக, ஒன்பது வருஷமாகப் பராமரித்து வருகிறேன். பகலில் எலக்ட்ரானிக் சிட்டியில் உத்தியோகம். இந்த வேலை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். பெங்களூரில் இப்படி ஏதாவது ஒன்றைக் கட்டி மேய்க்கிற தமிழ்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை அல்சூர் பக்கம் கூடுகிறோம். கோட் பற்றிப் பேசத்தான் உட்காருவோம். ஆனால் காபி வருவதற்குள் யாராவது ஃபோனை நீட்டி, “இதைப் படிங்கக்கா, இவருக்கு என்ன பதில் எழுதறது?” என்று கேட்டுவிடுவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

சும்மா கொடுக்கிற சாஃப்ட்வேர்தானே அக்கா, இதுக்குப் போய் யார் சண்டைக்கு வருவாங்க?

வருவார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கடை இருக்கிறது, பில் இருக்கிறது, கஸ்டமர் கேர் நம்பர் இருக்கிறது. கோபத்தைக் கொண்டுபோய் இறக்க ஓர் இடம் உண்டு. இங்கே இருப்பது ஒரு ரெப்போவும் (நிரலின் கோட் இருக்கும் இணையக் கிடங்கு) அதன் மேல் உங்கள் பெயரும்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும்போது மணப்பெண்ணின் ‘கௌரி’ என்ற பெயர் ‘கெளரி’ என்று விழுந்தால், அங்கே நிற்பவர் கண்ணில் படுவது உங்கள் பெயர் மட்டும்தான்.

பயனரின் கோபம் வேறு, பங்களிப்பவரின் கோபம் வேறு. பயனருக்கு வேலை நடந்துவிட்டால் மறந்துவிடுவார். பிஆர், அதாவது ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை, அனுப்பியவர் அப்படி மறக்க மாட்டார். அவரும் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். அது நிரலில் சேராமல் (மெர்ஜ் ஆகாமல்) மூன்று மாதம் கிடந்தால் அவமானமாகத்தான் இருக்கும். அந்த வலியைப் புரிந்துகொள்ளாமல் கீழே சொல்லும் எதைச் செய்தாலும் பலிக்காது.

எனக்கு வர்ற எல்லா இஷ்யூவுக்கும் பதில் சொல்லியே ஆகணுமா? சட்டப்படி ஏதாவது மாட்டிக்குவேனா?

இஷ்யூ என்பது பயனர்கள் ரெப்போவில் பதியும் குறையோ கோரிக்கையோதான். எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்று நாம் வழக்கமாகப் போடும் எல்லா லைசென்ஸிலும் ஒரு பத்தி இருக்கும்: உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை. எம்ஐடி லைசென்ஸில் அதைப் பெரிய எழுத்திலேயே அடித்திருப்பார்கள். பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

கடமை இல்லை என்பதற்காக மௌனமாக இருப்பது நல்லதல்ல. எப்போது பார்ப்பீர்கள் என்று ரீட்மீயில் (ரெப்போவின் முகப்புக் குறிப்பில்) இரண்டு வரி எழுதுங்கள். என்னுடையதில், ‘மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் மட்டும் இஷ்யூ பார்ப்பேன்’ என்று இருக்கிறது. அதை எழுதிய பிறகு “என்னாச்சு?” என்று கேட்பவர்கள் கண்ணெதிரே குறைந்தார்கள். அதற்கு முன்னால் கேட்டவர்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாமல் கேட்டவர்கள்.

ஒருத்தர் கேவலமா எழுதியிருக்கார். ஆனா அவர் சொல்ற பக் நிஜம். என்ன பண்றது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்க்கட்டும். பல் போயிருந்தால் சொல்லட்டும். சொன்னால்தான் எனக்குத் தெரியும். மாடு கொடுத்தவரை வசைபாடுவதுதான் கூடாது. ஆகவே பக்கையும் வசையையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

முதலில் பக், அதாவது நிரலில் உள்ள பிழை. ‘நீங்கள் சொன்னது சரி, எனக்கும் அப்படித்தான் வருகிறது, எந்த வெர்ஷனில் பார்த்தீர்கள்?’ அதற்குக் கீழே தொனியைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘இதை நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம், முதல் பத்தியில் உள்ள வார்த்தைகள் இங்கே வேண்டாம்.’ அவ்வளவுதான். விளக்கமோ உபதேசமோ வேண்டாம். என் அனுபவத்தில் பத்துப் பேரில் ஏழு எட்டுப் பேர் உடனே இறங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் மன்னிப்பும் கேட்டார்கள். அதில் ஒருவர் சிவகாசிப் பக்கம் டிடிபி சென்டர் வைத்திருப்பவர். இன்றைக்கு எனக்கு வரும் சோதனைக் கோப்புகளில் பெரும்பகுதி அவர் அனுப்புவதுதான்.

‘பார்க்கலாம்’னு சொன்னேன் அக்கா. இப்போ தினமும் வந்து கேட்கிறார். நான் எப்போ பண்றேன்னு சொன்னேன்?

சொன்னீர்கள். ‘பார்க்கலாம்’ என்றுதானே சொன்னீர்கள்.

நம் வீடுகளில் அந்த வார்த்தைக்கு ‘முடியாது’ என்று பொருள். பையன் சைக்கிள் கேட்டால் அப்பா ‘பார்க்கலாம்டா’ என்பார், பையனுக்குப் புரிந்துவிடும். முகம் பார்த்து, குரல் கேட்டுப் பழகியவர்களுக்குள் அது செல்லும். திரையில் அந்த வார்த்தைக்கு முகம் கிடையாது. எதிரே இருப்பவர் புவனேஸ்வரிலோ பெர்லினிலோ உட்கார்ந்து அதை வாக்குறுதியாகப் படிக்கிறார். ஒரு வாரம் காத்திருக்கிறார், இரண்டு வாரம் காத்திருக்கிறார், மூன்றாவது வாரம் ‘இன்னுமா சரி பண்ணலை?’ என்று எழுதுகிறார். அவரை நாம் நச்சரிப்பவர் என்கிறோம்.

மற்றவர்களைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். நமக்கு வரும் நச்சரிப்பில் ஒரு பங்கு நாமே விதைத்தது. பிஆர் வந்த அன்றைக்கே ‘நன்றாக இருக்கிறது, பார்க்கிறேன்’ என்று எழுதிவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, முகத்துக்கு நேரே முடியாது என்பதைவிடக் கொடுமை.

அப்போ முடியாதுன்னு எப்படிச் சொல்றது? வாய் வரமாட்டேங்குது.

காரணத்தோடு சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், மறுபடி திறக்காதபடி சொல்லுங்கள். நான் சேமித்து வைத்திருக்கும் பதில்களில் ஒன்று: ‘இந்த வசதியைச் சேர்க்கப் போவதில்லை. சேர்த்தால் அதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு அதற்கு நேரமில்லை. உங்கள் ஃபோர்க்கில் வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் ரீட்மீயில் அதற்குச் சுட்டி தருகிறேன்.’ ஃபோர்க் என்றால் நிரலை நகலெடுத்து, எடுத்தவரே தனியாக நடத்தும் பிரதி. நம் ரெப்போக்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இப்படிப் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. மனசு நன்றாக இருக்கும் நாளில் எழுதி வையுங்கள். கோபமான நாளில் அவை கைகொடுக்கும்.

‘மன்னிக்கவும்’ என்று நாலு தடவை எழுதாதீர்கள். நாலாவது மன்னிப்பில், கொஞ்சம் அழுத்தினால் இளகுவார் என்று எதிராளிக்குத் தோன்றிவிடும்.

‘நாளைக்கு எங்க ரிலீஸ், இன்னைக்கே வேணும்’னு ஒரு கம்பெனியிலிருந்து மெயில். பெரிய கம்பெனி. பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் ரிலீஸ் தேதியை உங்களைக் கேட்டு வைக்கவில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரலில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததே, அதற்கு அடுத்த மாதம், இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் நிரலை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று ஒரு பட்டியல். கர்ல் சி மொழியில் எழுதியது, அதில் லாக்4ஜேவே கிடையாது. அவர் நிறுவனத்தின் பெயரை மறைத்து அந்த மெயிலை வெளியிட்டார். பதிலாக அவர் எழுதியது இதுதான்: பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எல்லாக் கேள்விக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன். இதைவிட மரியாதையான பதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஐரோப்பியச் சட்டத்தைக் காட்டிப் படிவம் அனுப்பும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் 2024 டிசம்பர் 10 அன்று அமலுக்கு வந்தது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். வியாபாரமாகச் செய்யாமல் கட்டற்ற மென்பொருளை வெளியிடும் நம்மைப் போன்றவர்கள் மேல் அந்தக் கடமைகள் விழுவதில்லை. உங்கள் நிரலைத் தன் பொருளுக்குள் வைத்து விற்கும் நிறுவனம்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். படிவத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.

அவசரத்துக்கு இணங்கி நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். பாமினியில் ‘ௌ’ என்பதற்குத் தனி எழுத்து இல்லை. முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் ‘ள’, அவ்வளவுதான். ‘கௌரி’யையும் ‘வெள்ளி’யையும் பிரித்தறிய, அந்த ‘ள’வுக்கு அடுத்து புள்ளியோ வேறு குறியோ வருகிறதா என்று நிரல் பார்க்க வேண்டும். ஒரு பதிப்பகத்துக்காரர் ஒரே நாளில் ஏழு மெயில் அனுப்பி, தானே ஒரு பிஆரும் போட்டு, ‘இதைச் சேர்க்க உனக்கு என்ன கேடு?’ என்று எழுதினார். ராத்திரி ஒரு மணி. சண்டை முடிந்தால் போதும் என்று சரியாகப் படிக்காமல் மெர்ஜ் செய்தேன். ‘கௌரி’ சரியானாள். மறுநாள் இன்னொருவருடைய நாவலில் வெள்ளம், வெள்ளி, வெள்ளாடு என்று எல்லாவற்றிலும் ஔகாரம் புகுந்திருந்தது. முந்நூறு பக்கத்தை அவர் கையால் திருத்தினார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. கத்தியவருக்காகச் செய்த அவசர வேலையின் செலவை, கத்தாதவர் சுமந்தார்.

அக்டோபர் வந்தா காலேஜ் பசங்க ரீட்மீல பேரைச் சேர்த்து பிஆர் அனுப்பறாங்க. திட்டலாமா?

திட்டாதீர்கள். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் நிகழ்வில் நாலு பிஆர் அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்த 2020இல், உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்கள் உப்புச்சப்பில்லாத பிஆர்களில் மூழ்கினார்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே விதியை மாற்றி, சம்மதம் தெரிவித்த ரெப்போக்களில் மட்டுமே செல்லும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிஆர்களில் நிறைய நம் நாட்டு மாணவர்களுடையவை.

எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்தப் பையன் சேலத்திலோ தும்கூரிலோ ஒரு கல்லூரியில் படிக்கிறான். ரெஸ்யூமேயில் ஓப்பன் சோர்ஸ் இருந்தால்தான் பெங்களூரில் வேலை கிடைக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், பிஆர் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மூடுங்கள், ஒரு வரி எழுதுங்கள், சின்ன வேலை ஒன்றைக் காட்டுங்கள். நூறில் ஒருவர் திரும்பி வருவார். எங்கள் கூட்டத்துக்கு இன்று வருகிறவர்களில் ஒரு பெண் அப்படி வந்தவள்தான்.

இப்போ எல்லாரும் ஏஐ எழுதின ரிப்போர்ட் அனுப்பறாங்களே?

மேலே சொன்ன ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இதைப் பற்றிப் புலம்பி எழுதினார். பார்க்க நேர்த்தியாக இருக்கும், உள்ளே இல்லாத ஃபங்ஷனைப் பற்றிப் பேசும். நான் கேட்பது ஒன்றுதான்: தவறாக மாறிய பாமினிக் கோப்பை இணையுங்கள். கோப்பு வந்தால் பார்ப்பேன். வரவில்லையென்றால் ஒரு வாரத்தில் மூடிவிடுவேன். யார் எழுதியது என்ற ஆராய்ச்சியில் நேரத்தை விடாதீர்கள்.

எப்போ பிளாக் பண்ணலாம்? பாவமா இருக்கு.

என் கணக்கு இது. பக் பற்றிய கோபம் என்றால் மேலே சொன்ன ஒரு வரி. இரண்டாம் தடவை என்றால், வெளியாட்கள் மேலே எழுத முடியாதபடி உரையாடலை லாக் செய்வேன். கிட்ஹப்பில் லாக் செய்யும்போது காரணம் கேட்கும், ‘சூடேறிவிட்டது’ என்ற பொருளில் ஒரு தேர்வும் அதில் உண்டு. குடும்பம், சாதி, ஊர், மொழி என்று ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் தடவையே பிளாக். அங்கே எச்சரிக்கைக்கு இடமில்லை. கூட்டமாக வந்து தாக்கினால், புதியவர்கள் எழுத முடியாதபடி ரெப்போவைத் தற்காலிகமாக மூடலாம். இருபத்துநாலு மணி நேரம் முதல் ஆறு மாதம் வரை வைக்கலாம்.

பாவம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த இஷ்யூவை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் இன்னும் நாற்பது பேரை நினையுங்கள். தன் முதல் பிஆரை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதில் இருப்பார். இங்கே இப்படித்தான் பேசுவார்கள் போல என்று அவர் கிளம்பிவிடுவார். அவர் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கோட் ஆஃப் கண்டக்ட் ஃபைல் ஒண்ணு போட்டுட்டா போதுமா?

போதாது. 2014இல் கோரலைன் அடா எம்கே எழுதிய கான்ட்ரிபியூட்டர் கோவனன்ட் என்ற நடத்தை விதித் தொகுப்பை ஆயிரக்கணக்கான ரெப்போக்களில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதில் புகார் அனுப்பும் மின்னஞ்சல் முகவரிக்கான இடத்தை நிரப்பாமலேயே விட்ட ரெப்போக்களைப் பார்த்திருக்கிறேன். புகாரை யார் வாங்குவார், அவர் மேலேயே புகார் வந்தால் யார் பார்ப்பார் என்ற இரண்டுக்கும் விடை இருந்தால் ஃபைல் போடுங்கள். தனி ஆள் என்றால் நம்பிக்கையான வெளியாள் ஒருவரைக் கேளுங்கள்.

பொண்ணுன்னு தெரிஞ்சதும் பேச்சே மாறுது. உங்களுக்கும் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. அதுவரை ‘சார்’ என்று எழுதியவர், ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்த பிறகு, ‘உங்களுக்கு இது புரியாது, வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்று எழுதினார். அது நான் எழுதிய ஃபங்ஷனைப் பற்றிய கேள்வி. ‘இதை எழுதியது நான்தான், கேளுங்கள்’ என்று மட்டும் பதில் போட்டேன்.

இன்னும் மோசமாக, தனிச் செய்தியில் வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியட்டும். சக பராமரிப்பாளரிடம் காட்டுங்கள், அந்த ஆளுக்கு இனி அவர் பதில் சொல்லட்டும். தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். மிரட்டல் என்றால் மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் சைபர் குற்றங்களைப் பார்க்கும் சிஇஎன் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ‘இதுக்கெல்லாமா போலீஸ்?’ என்று வீட்டில் கேட்டாலும் போங்கள்.

நானே கோபத்துல நாக்குல நரம்பில்லாம எழுதிட்டேன். அழிச்சிடவா?

அழிக்காதீர்கள், படித்தவர்கள் படித்துவிட்டார்கள். கீழேயே எழுதுங்கள்: ‘நேற்று நான் எழுதியது தவறு. பிஆர் பற்றிய என் கருத்து அதேதான், சொன்ன விதத்துக்கு வருந்துகிறேன்.’ லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வருஷக்கணக்கில் கடுமையான மெயில்களுக்குப் பேர் போனவர். 2018 செப்டம்பரில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். அவராலேயே முடிந்தது, நம்மால் முடியாதா?

சில்க் போர்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ராத்திரியில் இஷ்யூவைத் திறக்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

‘உனக்கு நேரமில்லைன்னா வேற யாருக்காவது குடு’ங்கறாங்க. ஒருத்தர் ரொம்ப நல்லா உதவி பண்றார். கொடுத்துடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலை லாஸ்ஸே காலின் என்பவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அவருக்கு மெயில்கள் வந்தன: பேட்ச் (திருத்தம்) எல்லாம் கிடக்கிறது, ஆர்வமில்லையென்றால் வேறொருவரிடம் கொடு. தனக்கு ஆர்வம் போகவில்லை, நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாக, பொறுமையாக உதவிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் கைக்குப் பொறுப்பு போனது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு இருந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டியதால், மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது. நச்சரித்தவர்களும் உதவியவரும் ஒரே கூட்டம் என்றுதான் பரவலாக நம்பப்படுகிறது.

2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் நிரலிலும் இதே வழிதான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெயில் எழுதிய அந்நியரிடம் அதைக் கொடுத்தார்கள். பிட்காயின் பணப்பையைத் திருடும் கோட் அதில் வந்து சேர்ந்தது. ஆகவே ஒருவர் அதட்டும்போது இன்னொருவர் ஆறுதலாகக் கை நீட்டினால், அன்றைக்கு எதையும் கொடுக்காதீர்கள். உதவ வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். நல்லவர் ஆறு மாதம் காத்திருப்பார். நேரில் பாருங்கள், ரிவ்யூ உரிமையை மட்டும் முதலில் கொடுங்கள், புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸ் சாவியைக் கடைசியில் கொடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று சொல்லக் கூடாது என்றேனே, இங்கேயும் சொல்லாதீர்கள். ‘இப்போது இல்லை, தை மாதம் பேசுவோம்’ என்று தேதியோடு சொல்லுங்கள்.

‘ஃபோர்க் பண்ணிடுவேன்’னு மிரட்டறார்.

அது மிரட்டல் இல்லை, லைசென்ஸ் அவருக்குக் கொடுத்த உரிமை. வாழ்த்துச் சொல்லுங்கள், மனதாரச் சொல்லுங்கள்.

காசு வந்தா இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துடுமா?

நேரம் கிடைக்கும், அது பெரிய விஷயம். பெங்களூரில் இருக்கும் பங்கு வர்த்தக நிறுவனம் ஜெரோதா 2024 அக்டோபரில் கட்டற்ற மென்பொருளுக்காக ஃப்ளாஸ் ஃபண்ட் என்று ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியை அறிவித்தது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. பரவலாகப் பயன்படும் நிரல் உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள், கூச்சப்படாதீர்கள். வசைமொழி நிற்குமா என்றால், நிற்காது.

விட்டுடலாம்னு தோணுது. விட்டா துரோகமா?

இல்லை. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம், அந்த மொழியில் ஒரு மாற்றத்துக்கான முன்மொழிவான பிஇபி 572 குறித்த சண்டையில் நொந்துபோய் 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். பைத்தான் நன்றாகவே இருக்கிறது. அவரும் நன்றாக இருக்கிறார்.

விடுவதென்றால் சொல்லிவிட்டு விடுங்கள். தெரிந்த பக்குகளை ரீட்மீயில் எழுதி, கடைசியாக ஒரு ரிலீஸ் போட்டு, ரெப்போவை ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள். அன்றைக்கு யார் வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள், காரணம் மேலே இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் ஃபோர்க் எடுத்துக்கொள்வார்கள்.

நான் வருஷக் கணக்கில்தான் ஒப்புக்கொள்கிறேன். ‘அடுத்த பொங்கல் வரை பார்ப்பேன், அதற்கப்புறம் தொடர்வேனா என்பதைப் பொங்கலன்று எழுதுகிறேன்’ என்று ரீட்மீயின் முதல் வரியிலேயே இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருஷத்தை மட்டும் மாற்றுகிறேன். மாற்றுவதற்கு முன்னால், இன்னொரு வருஷம் எனக்கு வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க யோசிக்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் மாற்றியாயிற்று.